வலிக்காத கைகளைத் தேடிப்போன கொல்லிமலைக்காரர்: யார் இந்த பால் பிராண்ட்?

வீட்டில் யாருக்காவது சர்க்கரை நோய் இருந்தால் இந்தக் காட்சி பழக்கப்பட்டதுதான். டாக்டர் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வார். மெல்லிய நைலான் இழை ஒன்றால் பாதத்தில் அங்கங்கே தொட்டு, தெரிகிறதா என்று கேட்பார். தெரியவில்லை என்றால் அன்றோடு வெறுங்கால் நடைக்குத் தடை. தினமும் ராத்திரி பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும், செருப்பை மாற்ற வேண்டும். வலிக்கவே இல்லாத காலுக்கு எதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று நம்ம வீட்டு அப்பாக்கள் சலித்துக்கொள்வதும் வழக்கம்.

வலிக்காத இடம்தான் ஆபத்தான இடம். இன்று சாதாரணமாகத் தெரியும் இந்த விஷயத்தை மருத்துவ உலகுக்குப் புரியவைக்க ஒரு மனிதர் கிட்டத்தட்ட 40 ஆண்டுகள் செலவிட்டார். பெயர் பால் பிராண்ட். பெற்றோர் இங்கிலாந்துக்காரர்கள். ஆனால் அவர் ஓடியாடி வளர்ந்தது இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் கொல்லிமலையில்.

ரோடு இல்லாத மலை

இப்போது கொல்லிமலை என்றால் 70 கொண்டை ஊசி வளைவுகள், ஆகாய கங்கை அருவி, பைக் ரைடு. நூறு வருஷத்துக்கு முன்னால் அந்த ரோடு கிடையாது. பெரக்கரை நாடு, அரியூர் நாடு, வாழவந்தி நாடு என்று பல நாடுகளாகப் பிரிந்து கிடக்கும் மலையில், ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு ஒற்றையடிப் பாதைதான். மேலே ஏற முடியாதவர்களை டோலியில் தூக்கிக்கொண்டு போக வேண்டும். மலேரியா பயத்தால் கீழே இருப்பவர்கள் மலையில் தங்கவே தயங்கினார்கள்.

அந்த மலைக்குத்தான் ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் என்ற மிஷனரி தம்பதி 1913-ல் குடிவந்தார்கள். வாழவந்தியில் வீடு. அடுத்த ஆண்டு, 1914 ஜூலை 17-ல் பால் பிறந்தார். பிறகு தங்கை கோனி.

ஜெஸ்ஸி முழுப் படிப்பு முடித்த டாக்டர் அல்ல. மிஷனரிகளுக்கான ஒரு வருஷ மருத்துவப் பயிற்சி, அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு பல் பிடுங்குவார், சீழ்க்கட்டி கீறுவார், நரம்புச் சிலந்திப் புழுவைக் காலிலிருந்து குச்சியில் சுற்றிச் சுற்றி மெதுவாக வெளியே எடுப்பார். புழு பாதியில் அறுந்தால் காலே புரையோடிப் போகும். புழு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், ஜனங்கள் இறங்கி நின்று தண்ணீர் மொள்ளும் கிணற்றிலிருந்து. ஆக காலை மட்டும் பார்த்தால் போதாது, கிணற்றையும் கட்டணும். ஜெஸ்ஸி இரண்டையும் செய்தார். மகன் பிற்காலத்தில் செய்த எல்லாவற்றுக்கும் இது ஒரு முன்னோட்டம் என்று சொல்லலாம்.

ஒரு நாள் மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். விரல்கள் குட்டையாகி, பாதத்தில் புண்ணோடு இருந்தார்கள். தொழுநோய். மற்ற நோயாளிகளைத் தொட்டுப் பேசும் அப்பா அன்று தயங்குவதைச் சிறுவன் பால் பார்த்தான். குழந்தைகளை உள்ளே அனுப்பிவிட்டு, காலைக் கழுவிக் கட்டுப்போட்டு அவர்களை அனுப்பிவைத்தார். பிறகு அவர்கள் உட்கார்ந்த இடத்துப் பக்கம் விளையாடக் கூடாது என்று பிள்ளைகளுக்கு உத்தரவு. அப்பாவுக்கே பயம் உண்டு என்று அவன் தெரிந்துகொண்ட நாள் அது.

ஒன்பது வயதில், 1923-ல், படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார் பால். அதன்பின் அப்பாவைப் பார்க்கவே இல்லை. 1929-ல் மலேரியாவின் கொடிய வடிவமான கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி மலையிலேயே இறந்தார். தந்தி உடனே போய்ச் சேர்ந்துவிட்டது. கப்பல் தபால் மெதுவாகத்தானே வரும்? இறந்துபோன அப்பா எழுதிய கடிதங்கள் அதற்குப் பிறகும் வந்துகொண்டிருந்தன. பாலுக்கு அப்போது 15 வயதுகூட முடியவில்லை.

கொத்தனார் வேலையிலிருந்து ஆபரேஷன் தியேட்டருக்கு

மருத்துவம் படிக்க வைக்கிறோம் என்று உறவினர்கள் முன்வந்தும் பால் மறுத்துவிட்டார். சீழும் ரத்தமும் பார்த்து வளர்ந்த பையனுக்கு அதில் ஆசை இல்லை. பள்ளியை விட்டு வந்து சில ஆண்டுகள் கட்டட வேலை கற்றுக்கொண்டார். தச்சு, செங்கல், கொத்து எல்லாம். வீணாய்ப்போன வருஷங்கள் என்று அப்போது யாருக்கும் தோன்றியிருக்கும். பாரம் எந்த இடத்தில் இறங்குகிறது, எந்த இணைப்பு முதலில் விடும் என்று யோசிக்கும் புத்தி அங்கேதான் வந்தது.

பிறகு அப்பா படித்த அதே மாதிரி குறுகிய மருத்துவப் பயிற்சிக்குப் போனார். அங்கே மனசு மாறியது. 1937-ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் மருத்துவ மாணவர். இரண்டே வருஷத்தில் உலகப் போர். 1940, 41-ல் ஜெர்மன் விமானங்கள் லண்டன் மீது இரவிரவாகக் குண்டு போட்டன. இடிபாடுகளிலிருந்து தூக்கி வரப்பட்டவர்களைக் கவனிக்கும் இடத்தில்தான் பிராண்ட் அறுவை சிகிச்சையைக் கற்றார். உடன் படித்த மார்கரெட் பெர்ரியை 1943-ல் மணந்தார். பின்னாளில் தொழுநோயாளிகளின் கண் பாதுகாப்பில் மார்கரெட்டும் பெரிய பெயர் எடுத்தவர்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றி. மருத்துவமனைகளில் ‘ட்ராமா வார்டு’ என்று போர்டு இருக்கும். அங்கே அதற்கு உடல் காயம் என்று பொருள். மனநல மருத்துவர் அதே சொல்லைச் சொன்னால் மனதில் பட்ட அடி. கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்குக் காயம் என்றுதான் அர்த்தம். தமிழில் இன்னும் சுவாரசியம்: ‘காயம்’ என்றால் புண்ணும்தான், உடம்பும்தான். அறுவை மருத்துவர், உளவியலாளர், சமூகவியலாளர், இன்ஜினியர் என்று ஆளுக்கொரு ஜன்னல் வழியாகப் பார்க்கும் விஷயம் இது. ஒரு ஜன்னல் வழியாக மட்டும் பார்த்ததால் தொழுநோயில் மருத்துவம் எவ்வளவு காலம் ஏமாந்தது என்பதுதான் பிராண்டின் கதை.

திருமணியில் ஒரு கைகுலுக்கல்

1946-ல் பிராண்ட் வேலூர் சிஎம்சி-க்கு வந்தார். கல்லூரி முதல்வர் ராபர்ட் காக்ரேன், தொழுநோய் நிபுணர். மறு ஆண்டு செங்கல்பட்டு அருகே திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லத்துக்கு அவரை அழைத்துப் போனார்.

அங்கே பார்த்த இடமெல்லாம் உள்பக்கமாக மடங்கி இறுகிய விரல்கள். ஏன் இப்படி ஆகிறது என்று பிராண்ட் கேட்டார். தோல் நிபுணரான காக்ரேனுக்குப் பதில் தெரியவில்லை. அதைவிட அதிர்ச்சி, எலும்பு, தசை மருத்துவர்கள் யாருமே இதை ஒரு பிரச்சினையாக எடுத்து ஆராயவில்லை என்பது. போலியோவில் முடங்கிய கைக்கு ஆயிரம் ஆராய்ச்சி இருந்தது. தொழுநோயாளியின் கைக்கு இல்லை.

பிராண்ட் ஒரு நோயாளியிடம் தன் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். மடங்கிக் கிடந்த அந்தக் கை, இவர் வலியில் துடிக்கும் அளவுக்கு இறுக்கியது. தன் பிடி எவ்வளவு பலம் என்று அந்த மனிதருக்கே தெரியவில்லை. அந்த ஒரு நொடியில் இரண்டு விஷயம் புரிந்தது. ஒன்று, கை செத்துப்போகவில்லை. சில தசைகள் நல்ல பலத்தோடு இருக்கின்றன. இரண்டு, எவ்வளவு அழுத்துகிறோம் என்று சொல்ல வேண்டிய உணர்வு மட்டும் அறுந்துவிட்டது.

எந்தத் தசை செத்தது, எது இருக்கிறது என்று ஒவ்வொரு நோயாளியாகக் குறித்துக்கொண்டே போனார்கள். கிடைத்த படம் தாறுமாறாக இல்லை, ஒரே ஒழுங்கில் இருந்தது. கையின் உள்ளே இருக்கும் சின்னத் தசைகள் செயலிழக்கும், முன்னங்கையின் பெரிய தசைகள் பெரும்பாலும் தப்பிக்கும். இறந்த நோயாளி ஒருவரின் உடலைத் திறந்து பார்த்தபோது காரணமும் தெரிந்தது. முழங்கையைச் சுவரில் இடித்துக்கொண்டால் சுர்ரென்று மின்சாரம் மாதிரி பாயுமே, அந்த நரம்பு முழங்கைக்குச் சற்று மேலே வீங்கியிருந்தது. மற்ற நரம்புகளும் அப்படித்தான்: தோலுக்குப் பக்கமாக வரும் இடங்களில் மட்டும் வீக்கம். கிருமிக்குக் குளிர்ச்சியான இடம் பிடிக்கும். தோலோரம் உடலின் உள்பகுதியைவிடக் குளிர்ச்சி.

அப்படியென்றால் வழி இருக்கிறது. பலமுள்ள ஒரு தசையின் நாணை எடுத்து, செயலிழந்த இடத்தில் இணைக்கலாம். போலியோவிலும் போர்க்காயங்களிலும் செய்தது இது. தொழுநோயில் யாரும் துணியவில்லை, அவ்வளவுதான். பொது மருத்துவமனைகள் தொழுநோயாளிகளைச் சேர்க்காத காலம், வேலூரிலும் தயக்கம் இருந்தது. இருந்தும் 1948 வாக்கில் அறுவை சிகிச்சைகள் தொடங்கின. இறுகிக் கிடந்த விரல்கள் நிமிர்ந்தன. நோயாளி தன் கையால் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார்.

விரலை எடுத்தது யார்?

ஆனால் கை சரியான பிறகும் காயங்கள் நிற்கவில்லை. தொழுநோயில் விரல் அழுகி விழுந்துவிடும் என்று ஊரெல்லாம் நம்பிக்கை. டாக்டர்களிலும் பலர் அப்படித்தான் நினைத்தார்கள். பிராண்ட் ஒரு துப்பறிவாளரைப் போல ஒவ்வொரு புண்ணாகப் பின்தொடர்ந்தார். சிஎம்சி வளாகத்தில் உருவான ‘நவ ஜீவ நிலையம்’ என்ற சிறு குடியிருப்பில் நோயாளிகள் தங்கி, மரவேலை கற்று, பொம்மை செய்தார்கள். தினமும் எல்லாருடைய கைகளையும் பார்ப்பார்கள். புதிதாக ஒரு கீறல் இருந்தால் அது எப்போது, எதனால் வந்தது என்று கண்டுபிடித்தே ஆக வேண்டும்.

அப்போது வெளிப்பட்டவை நம்மைக் கொஞ்சம் உறைய வைப்பவை. துருப்பிடித்த பூட்டைப் பெரியவரால் திறக்க முடியவில்லை. ஒரு சிறுவன் வந்து சாவியைத் திருப்பித் திறந்துவிட்டான். கீழே ரத்தம் சொட்டிய பிறகுதான், அவன் விரல் எலும்பு தெரியும்வரை கிழிந்திருப்பதைப் பார்த்தார்கள். நெருப்பில் விழுந்த கிழங்கை வெறுங்கையால் எடுத்துப் போடுவார்கள். சூடான பாத்திரம், சுத்தியலின் பிளவுபட்ட பிடி, செருப்புக்குள் ஆணி. எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்தது. ஒன்றைத் தவிர. சிலர் காலையில் எழுந்தால் விரலில் ஒரு துண்டு காணோம். ராத்திரி காவலிருந்து பார்த்ததில் விடை கிடைத்தது: எலி. தூங்குபவரின் விரலை எலி கடித்துத் தின்றிருக்கிறது, அவருக்குத் தெரியவே இல்லை. அதன்பின் சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள் கையோடு ஒரு பூனையையும் கொண்டுபோக வேண்டும் என்பது விதியானது.

ஆக, விரலைத் தின்றது தொழுநோய்க் கிருமி அல்ல. கிருமி வலியை மட்டும் எடுத்துக்கொண்டது. மிச்சத்தை அன்றாட வாழ்க்கை செய்தது.

காலில் கணக்கு வேறு. ஒரு புண்ணுக்கு ஆணி குத்தணும் என்றில்லை. இறுக்கமான செருப்பு பல மணி நேரம் மெதுவாக அழுத்தினால் ரத்த ஓட்டம் நின்று தோல் சாகும். அல்லது தினமும் ஆயிரக்கணக்கான அடிகள், ஒரே இடத்தில் ஒரே அழுத்தம். நமக்குக் கால் நொந்தால் நம்மை அறியாமலே நடையைக் கொஞ்சம் மாற்றுவோம். இப்போது இதை உட்கார்ந்து படிக்கும்போதுகூட எத்தனை முறை நகர்ந்து உட்கார்ந்தோம் என்று நமக்குத் தெரியாது. வலி தெரியாதவர் அப்படி மாற்றுவதில்லை. எலிகளின் பாதத்தை இயந்திரத்தால் திரும்பத் திரும்ப மிதமாக அழுத்தி, சேதம் எப்படிச் சேர்கிறது என்று பிராண்டின் குழு பின்னாளில் சோதித்தும் காட்டியது. பழைய கொத்தனாரும் டாக்டரும் ஒன்றாக வேலை செய்த இடம் இது. மிருதுவான மைக்ரோசெல்லுலார் ரப்பர் போட்ட எம்.சி.ஆர். செருப்பு வேலூரிலும் கரிகிரியிலும் இப்படித்தான் வந்தது. ஆறாத பாதப் புண்ணுக்கு மாவுக்கட்டு போட்டு ஆறவைக்கும் முறையும் அங்கே பயன்பட்டது. அதை 1930-களிலேயே செய்துகாட்டியவர் இலங்கையின் அறுவை மருத்துவர் மில்ராய் பால். இந்தப் பெயர் தமிழ் வாசகர்களுக்கே அதிகம் தெரியாமல் போனது ஒரு வருத்தம்.

இரண்டாவது காயம்

கையைச் சரிசெய்துகொண்டு போன சிலர் திரும்பி வந்தார்கள். நன்றி சொல்ல இல்லை, குறை சொல்ல. விரல் மடங்கியிருந்தபோது பிச்சை கிடைத்தது. இப்போது கை நன்றாக இருப்பதால் யாரும் காசு போடுவதில்லை. முகத்தில் தழும்பு இருப்பதால் வேலையும் தருவதில்லை, வாடகைக்கு வீடும் இல்லை. அறுவை சிகிச்சை ஜெயித்து, நோயாளி தோற்றுவிட்டார்.

இந்த வன்முறைக்குச் சட்டத்தின் துணையும் இருந்தது. 1898-ல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த தொழுநோயாளிகள் சட்டம், ஆதரவற்ற நோயாளிகளைப் பிடித்து அடைத்துவைக்க வழிசெய்தது. அது முழுதாக நீக்கப்பட்டது 2016-ல். தொழுநோய் இருந்தால் விவாகரத்து கேட்கலாம் என்று தனிநபர் சட்டங்களில் இருந்த பிரிவு போனது 2019-ல். நேற்றுதான் என்று சொல்லலாம்.

மரவேலைப் பட்டறையும் கருவிகளும் நவ ஜீவ நிலையத்தில் ஏன் இருந்தன என்பது இங்கேதான் புரியும். தொழில் கையில் இல்லாமல் ஊருக்குப் போகும் மனிதருக்குச் சரியான விரல் மட்டும் போதவில்லை. பிசியோதெரபி, செருப்புத் தொழில், தச்சு, வேலை தேடித் தருவது எல்லாமே சிகிச்சையின் பகுதியானது.

மனசின் பக்கத்தையும் பிராண்ட் விடவில்லை. இரண்டாம் உலகப் போரில் இத்தாலியின் ஆன்சியோ போர்முனையில், அமெரிக்க மருத்துவர் ஹென்றி பீச்சர் ஒரு விசித்திரத்தைக் கவனித்திருந்தார். கடும் காயம்பட்ட சிப்பாய்களில் பெரும்பாலோர் வலி மருந்து கேட்கவில்லை. உயிரோடு போர்முனையிலிருந்து தப்பிவிட்டோம் என்ற நிம்மதி. அதே மாதிரிக் காயத்தோடு ஊரில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் அதிகம் கேட்டார்கள். காயம் ஒன்று, வலி வேறு. இரண்டுக்கும் நடுவில் ஒரு மனம் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பிராண்ட் தன் எழுத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார். உணர்வு போன கையை நோயாளிகள் தங்கள் கையாகவே நினைப்பதில்லை, ஒரு கருவியைப் போல நடத்துகிறார்கள் என்பதும் அவர் கவனித்ததுதான்.

அவருக்கே அது ஒரு ராத்திரி நடந்தது. 1950-களில் இங்கிலாந்தில் நீண்ட ரயில் பயணம் முடிந்து அறைக்கு வந்து, சாக்ஸைக் கழற்றும்போது குதிகாலில் உணர்வே இல்லை. ஊசியால் குத்தினார். ரத்தம் வந்தது, வலி வரவில்லை. இத்தனை வருஷம் தொழுநோயாளிகளைத் தொட்டவர். மனைவி, குழந்தைகள், வேலை எல்லாம் முடிந்தது என்று விடியும்வரை படுத்துக் கிடந்தார். காலையில் மறுபடி குத்தினார். சுரீரென்று வலித்தது. ரயிலில் உட்கார்ந்த விதத்தில் நரம்பு ஒன்று அழுந்தியிருந்தது, அவ்வளவுதான். நோயாளி என்ற முத்திரை விழும் பயத்தை அந்த ஒரு இரவு அவருக்குப் புத்தகம் இல்லாமல் கற்றுக்கொடுத்தது.

செயற்கை வலி தோற்ற கதை

1960-ல் லாஸ்கர் விருது கிடைத்தது. 1966-ல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே அவருக்கு ஒரு யோசனை: இழந்த வலியைச் செயற்கையாகச் செய்து கொடுத்துவிட்டால் என்ன?

அரசு உதவித்தொகை கிடைத்தது, இன்ஜினியர்கள் வந்தார்கள். கையுறையிலும் காலணியிலும் அழுத்தத்தை அளக்கும் சென்சார்கள். இன்றைய ஸ்மார்ட் வாட்ச் காலத்துக்கு முன்பே இப்படி ஒரு முயற்சி. அளவு மீறினால் ஒலி எழும்பும். நோயாளிகள் ஒலியைக் கண்டுகொள்ளவில்லை. உணர்வு இருக்கும் அக்குளில் மின் அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். ஷாக் வரும் வேலையைச் செய்யும் நேரத்தில் மட்டும் ஸ்விட்சை அணைத்துவிட்டு, வேலை முடிந்ததும் திரும்பப் போட்டுக்கொண்டார்கள்! சென்சார்களும் அடிக்கடி பழுதாயின. திட்டம் கைவிடப்பட்டது. வலி பயன்படுவதே அது நம் கட்டுப்பாட்டில் இல்லாததால்தான் என்பது அந்தத் தோல்வியில் கிடைத்த பாடம். விஞ்ஞானத்தில் தோல்விகளையும் இவ்வளவு திறந்து எழுதியவர்கள் குறைவு.

ஆனால் கார்வில் வேறு ஒரு கதவைத் திறந்தது. தொழுநோயாளியின் பாதப் புண்ணும் சர்க்கரை நோயாளியின் பாதப் புண்ணும் ஒரே விதத்தில் வருபவை என்று பிராண்ட் வாதாடினார். சர்க்கரையால் ரத்த ஓட்டம் கெட்டதுதான் காரணம், காலை எடுக்க வேண்டியதுதான் என்று பல டாக்டர்கள் சொன்ன காலம் அது. உணர்வு போனதும் பெரிய காரணம், பாதத்தைக் காத்தால் காலைக் காக்கலாம் என்றார் இவர். மாவுக்கட்டு, தனிச் செருப்பு, தினசரிப் பாதப் பரிசோதனை எல்லாம் வேலூரிலிருந்து கார்வில் வழியாகச் சர்க்கரை நோய் கிளினிக்குகளுக்குப் போயின. எத்தனை கிராம் அழுத்தத்தை உணர முடியாத பாதம் ஆபத்தில் இருக்கிறது என்று நைலான் இழைகளை வைத்துக் கணக்கிட்ட முக்கியமான ஆய்வும் 1980-களில் கார்விலில் நடந்ததுதான்.

மலைக்குத் திரும்பிய அம்மா

கணவர் இறந்த பிறகும் எவலின் மலையை மறக்கவில்லை. ஓய்வு வயது வந்து மிஷன் பணியிலிருந்து விடைகொடுத்தபோது, 70 வயதை நெருங்கிய அந்த அம்மா ஊருக்குத் திரும்பாமல் கொல்லிமலைக்கு ஏறினார். மட்டக்குதிரையிலும், கால் பலவீனமானபின் இரண்டு மூங்கில் கம்புகளை ஊன்றியும் ஊர் ஊராகப் போனார். பலமுறை விழுந்தார், எலும்பு முறிந்தது. நரம்புச் சிலந்திக்கு எதிரான வேலையை அங்கே அவர் தொடர்ந்தார். இந்தியா முழுவதுமே அந்தப் புழு இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2000-ல்.

எவலின் 1974 டிசம்பரில், 95 வயதில் காலமானார். வாழவந்தியில் ஜெஸ்ஸியின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். பால் பிராண்ட் 1986-ல் கார்விலிலிருந்து ஓய்வு பெற்று சியாட்டிலில் குடியேறினார். பிலிப் யான்சியோடு சேர்ந்து வலி பற்றி அவர் எழுதிய புத்தகம் 1993-ல் வந்தது. கீழே விழுந்து தலையில் அடிபட்டு, 2003 ஜூலை 8-ல் இறந்தார். 89 வயது முடிய ஒன்பது நாள் பாக்கி.

பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருத்துவத்தால் தொழுநோய் இன்று முழுதாகக் குணமாகும், மருந்து இலவசம். இருந்தும் இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் பேருக்குப் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறது, உலக எண்ணிக்கையில் பாதிக்கு மேல். உணர்வில்லாத, நிறம் மங்கிய ஒரு தேமல்தான் பெரும்பாலும் முதல் அறிகுறி. அரிக்காது, வலிக்காது. அதனாலேயே பலர் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடுகிறார்கள்.